செப்பரேட்டர் மாட்டியும் ஸ்ப்ரே கன்னில் தண்ணீர் வருவது ஏன்?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கத்தில் சின்ன பெயின்டிங் ஒர்க் ஷாப். 3 எச்பி பெல்ட் கம்ப்ரஸர், 160 லிட்டர் டேங்க். காலையில் அடிக்கும் முதல் பேனல் குறையில்லாமல் வருகிறது. ஒரு மணி நேரம் ஓடிய பிறகு கிளியர் கோட்டில் (நிறத்துக்கு மேல் அடிக்கும் ஒளிபுகும் பூச்சு) பொடிக் குமிழி; சில நேரம் கன்னிலிருந்து தண்ணீர்த் துளியே தெறிக்கிறது. டேங்க் வாயில் எஃப்ஆர்எல் யூனிட் (தண்ணீரைப் பிரிக்கும் செப்பரேட்டர் ஃபில்டரும் அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டரும் சேர்ந்தது) மாட்டியும் மாற்றமில்லை. காற்றின் ஈரத்தை எடுக்கும் ஏர் டிரையர் வாங்கத்தான் வேண்டுமா?

பதில்:

டிரையரை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். முதல் பேனல் நன்றாக வருகிறது, டேங்க் சூடான பிறகுதான் தொல்லை தொடங்குகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். பதில் அதற்குள்ளேயே இருக்கிறது. எஃப்ஆர்எல் யூனிட் பழுதாகவில்லை, மாட்டியிருக்கும் இடம்தான் தப்பு. எந்த செப்பரேட்டராக இருந்தாலும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், துளியாகிவிட்ட தண்ணீரை மட்டும்தான் பிடிக்கும். ஆவியாக இருப்பது காற்றோடு காற்றாக அதைக் கடந்துபோய், ஹோஸுக்குள் குளிர்ந்து, அங்கே துளியாகிறது. அதன்பிறகு அது வெளியேற கன்னை விட்டால் வேறு வழி கிடையாது.

ஆகவே காற்றை அழுத்தம் கூடியிருக்கும்போதே குளிர வைக்க வேண்டும். குளிர்ந்த இடத்தில் தண்ணீரைப் பிடிக்க வேண்டும். பிடித்த பிறகே ரெகுலேட்டரில் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் இந்த வரிசையைக் காப்பாற்றுவதற்கான வேலைகள்தான்.

எவ்வளவு தண்ணீர் என்று ஒரு கணக்கு

நம் குமரி மாவட்டத்தில் இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) பிடித்துவிட்டால் 30 டிகிரி வெப்பமும் 85 சதவீத ஈரப்பதமும் சாதாரணம். அந்தக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 26 கிராம் தண்ணீர் ஆவியாக நிற்கும். 3 எச்பி கம்ப்ரஸர் உண்மையில் தள்ளுவது சுமார் 10 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு 10 கன அடி காற்று), அதாவது மணிக்கு 17 கன மீட்டர். நிற்காமல் ஒரு மணி நேரம் ஓடினால் உள்ளே இழுத்துக்கொள்ளும் தண்ணீர் 440 மில்லி. அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

டேங்கில் மீட்டர் 8 பார் காட்டும்போது, வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தால் உள்ளே 9 பார். ஒன்பது கன மீட்டர் காற்று ஒரு கன மீட்டருக்குள் அடைபட்டிருக்கிறது. ஆனால் ஒரு கன மீட்டர் இடத்தில் எவ்வளவு ஆவி நிற்கலாம் என்பதை முடிவு செய்வது வெப்பம். அழுத்தம் கூடியதால் அது கூடாது. 30 டிகிரியில் 30 கிராம், 40 டிகிரியில் 51, 50 டிகிரியில் 83 கிராம். மிச்சமெல்லாம் தண்ணீராகி டேங்க் அடியில் விழும். டேங்க் 50 டிகிரியில் இருந்தால், இழுத்த ஒவ்வொரு கன மீட்டருக்கும் 9 கிராம் ஆவியாகவே வெளியேறும். 30 டிகிரிக்குக் குளிர்ந்திருந்தால் மூன்றரை கிராம்கூட வராது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 17 கன மீட்டருக்குக் கணக்குப் போட்டால் மணிக்கு 100 மில்லி வரும். உங்கள் யூனிட் கோப்பை காலியாகவே இருக்க, ஹோஸ் நனைவது இதனால்தான்.

காலையில் டேங்க் குளிர்ந்திருக்கிறது. இரவு முழுதும் ஆவி துளியாகி அடியில் இறங்கிவிட்டது. முதல் பேனலுக்குக் கிடைப்பது அந்தக் காற்று. ஒரு மட்கார்டு, ஒரு டேங்க் கவர் என்று சின்ன வேலை மட்டும் இருக்கும் நாளில் இதையே உபாயமாக வைத்துக்கொள்ளலாம்: முந்தின நாள் மாலையில் டேங்கை நிரப்பி நிறுத்திவிட்டு, காலையில் அடித் தண்ணீரை விட்டபின் அந்தக் காற்றிலேயே அடித்துவிடுங்கள்.

உண்மையிலேயே லைன் தண்ணீர்தானா?

பைப் வேலையில் இறங்குவதற்கு முன் இதை உறுதி செய்யுங்கள். கம்ப்ரஸர் அரை மணி நேரம் ஓடிய பிறகு, கன்னில் பெயின்ட் இல்லாமல், சுத்தமான கண்ணாடித் துண்டின் மேல் ஒரு அடி தூரத்திலிருந்து ஒரு நிமிடம் காற்று அடியுங்கள். தெறித்த புள்ளிகள் சற்று நேரத்தில் தடம் இல்லாமல் காய்ந்தால் தண்ணீர். காயாமல் வழுவழுப்பாக நின்றால் எண்ணெய். வெள்ளை டிஷ்யூ பேப்பரில் அடித்தால் எண்ணெய்ப் புள்ளி பேப்பரை ஊடுருவித் தெரியும்.

பெயின்டே பல நேரம் பதில் சொல்லிவிடும். 2கே கிளியரிலும் (ஹார்ட்னர் கலந்து அடிப்பது) பியூவிலும் (பாலியூரித்தேன் பெயின்ட்) ஹார்ட்னரில் இருக்கும் ஐசோசயனேட் தண்ணீரைக் கண்டால் அதோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடை வெளியிடும். நீங்கள் சொல்லும் பொடிக் குமிழி பெரும்பாலும் அந்த வாயுதான். குமிழி இல்லாமல் வட்டவட்டமாகக் குழி விழுந்து, நடுவில் அடி நிறம் தெரிந்தால் அது எண்ணெயோ சிலிகானோ. பைப் மாற்றுவதால் அது போகாது. கம்ப்ரஸர் ரிங்கையும், பக்கத்தில் யாராவது டயர் பாலிஷ் அடிக்கிறார்களா என்பதையும் பாருங்கள்.

பேனல் முழுக்கப் பால் படர்ந்தமாதிரி வெளுத்தால், அதற்கும் லைனுக்கும் சம்பந்தமில்லை. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பேனலின் மேற்பரப்பு குளிர்கிறது. சுற்றியுள்ள ஈரக்காற்று அதன்மேல் படிகிறது. என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கர் அடிக்கும் மரவேலைக்காரர்களுக்கு மழைக்காலத்தில் இது தீராத தொல்லை. மெதுவாக ஆவியாகும் தின்னர், அல்லது தின்னரில் 5 முதல் 10 சதவீதம் ரிட்டார்டர் (ஆவியாவதைத் தாமதப்படுத்தும் திரவம்) சேர்ப்பதுதான் வழி. பெயின்ட் கம்பெனி டப்பாவில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். எத்தனை ஆயிரம் கொடுத்து டிரையர் வாங்கினாலும் இந்த வெளுப்பு போகாது.

வேலை முடித்துக் கொடுத்து ஒரு மாதம், இரண்டு மாதம் கழித்துக் கொப்புளம் கிளம்புகிறது என்றால் லைனைச் சந்தேகிப்பதற்கு முன் அடித்தளத்தைச் சந்தேகியுங்கள். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் கரையோரம் ஓடும் வண்டிகளின் தகட்டில் உப்பு ஏறியிருக்கும். நல்ல தண்ணீரில் கழுவாமல் தேய்த்து பிரைமர் அடித்தால் அந்த உப்பு பெயின்ட் வழியாக ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். இன்னொரு காரணம் புட்டி. பாலியஸ்டர் புட்டி தண்ணீர் குடிக்கும். அதை வாட்டர் பேப்பரால் நனைத்துத் தேய்த்துவிட்டு, மேலே காய்ந்ததை நம்பி அன்றைக்கே பிரைமர் அடித்தால் உள்ளே இருக்கும் ஈரம் பிறகு வெளியே வரும். புட்டியை உலர்வாகவே தேயுங்கள். வாட்டர் பேப்பர் பிரைமருக்கு மேல் போதும்.

பைப்: செலவு செய்ய வேண்டிய இடம்

கம்ப்ரஸருக்கும் செப்பரேட்டருக்கும் இடையே குறைந்தது 25 அடி உலோகப் பைப் வேண்டும். உங்களுக்கு நான் சொல்வது 30 அடி, முக்கால் இஞ்சு. இடம் இல்லையென்றால் சுவரிலேயே ஏறி இறங்கும்படி ஆறடி உயரத்தில் ஐந்து நெடுக்குப் பைப்புகளாக மடித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கீழ் வளைவிலும் டீ (T வடிவ இணைப்பு) போட்டு, கீழே அரையடிப் பைப்பும் பால் வால்வும் (கைப்பிடியைத் திருப்பித் திறக்கும் வால்வு) வையுங்கள். முக்கால் இஞ்சுப் பைப்பில் 10 சிஎஃப்எம் காற்று நிதானமாகத்தான் நகரும். துளி விழுந்து அடியில் தங்க நேரம் கிடைக்கும். செலவை நினைத்து அரை இஞ்சுக்கு இறங்கினால் வேகம் இரண்டு மடங்குக்குப் பக்கமாகக் கூடி, பிடித்த தண்ணீரைக் காற்று அடித்துக்கொண்டு போகப் பார்க்கும்.

வெயில் படாத சுவர் வேண்டும். மேற்கு பார்த்த சுவரிலோ தகரக் கூரையை ஒட்டியோ ஓட்டிய பைப் பகல் இரண்டு மணிக்கு டேங்கைவிடச் சூடாக இருக்கும். வேலை நடக்கும்போது செப்பரேட்டருக்கு முந்தைய ஒரு அடிப் பைப்பை ஒரு கையாலும் சுவரை மறு கையாலும் தொடுங்கள். வித்தியாசம் தெரியக் கூடாது. தெரிந்தால் ஒரு பழைய டேபிள் ஃபேனை அந்த மடிப்புப் பைப்பைப் பார்த்துத் திருப்பி வையுங்கள். இன்னொரு 30 அடி பைப் போடுவதைவிட அது நல்ல பலன் தரும். வெப்பம் வெளியேறத் தடையாக இருப்பது பைப்பைச் சுற்றி அசையாமல் நிற்கும் காற்று, உலோகம் அல்ல. அதனால்தான் செம்பு போட்டால் ரொம்பக் குளிரும் என்ற பேச்சிலும் பெரிய சாரமில்லை. செம்பு, அலுமினியம், எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) ஆகியவற்றின் உண்மையான லாபம் துரு இல்லை என்பதே. ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) போட்டால் சில வருடத்தில் உள்ளே துரு உதிரும். கடற்கரையில் வெளியேயும் அரிக்கும். பட்ஜெட் இடித்தால் ஜிஐ போடுங்கள், ஆனால் ஃபில்டரை அடிக்கடி கழற்றிப் பார்க்க வேண்டும்.

தண்ணீர் லைனுக்குப் போடும் பிவிசி பைப்பை மட்டும் காற்றுக்குப் போடாதீர்கள். நம் பக்கத்துப் பல பட்டறைகளில் பார்க்கலாம். இத்தனை வருடம் ஒன்றும் ஆகவில்லையே என்பார்கள். சூட்டில் அது இளகும், வயதானால் முறுமுறுப்பாகும். வெடித்தால் சில்லுகளாகச் சிதறும். தண்ணீர் அழுத்தத்தில் வெடிக்கும் பைப் பீய்ச்சிவிட்டு ஓயும், காற்று அப்படி ஓயாது.

படுக்கையாக ஓடும் பைப்பைக் காற்று போகும் திசையிலேயே பத்து அடிக்கு ஒரு இஞ்சு இறக்கமாகப் பிடியுங்கள். நடுவில் தொய்வு இருந்தால் அங்கே தண்ணீர் தேங்கி, திடீரென்று ஒரு நாள் மொத்தமாக வரும். கிளை எடுக்கும்போது மெயின் பைப்பின் மேல்பக்கத்திலிருந்து எடுத்து, வளைத்துக் கீழே இறக்குங்கள். அடியிலிருந்து எடுத்தால் அது கிளை இல்லை, வடிகால். இறங்கிய பைப்பின் பக்கவாட்டில் டீ போட்டு செப்பரேட்டருக்குக் கொடுத்துவிட்டு, பைப்பை அதற்குக் கீழே இன்னும் ஒன்றரை அடி நீட்டி முனையில் பால் வால்வு வையுங்கள். அந்த ஒன்றரை அடியில் சேர்வதைப் பார்த்தால் செப்பரேட்டருக்கு எவ்வளவு வேலை மிச்சமாகிறது என்று தெரியும்.

டேங்கிலிருந்து முதல் பைப்புக்குப் போகும் இணைப்பு நெளியும்படி இருக்கட்டும். ஸ்டீல் பின்னல் ஹோஸ் ஒரு அடி போதும். இல்லாவிட்டால் அதிர்வில் யூனியன் கசியும். கசிவு என்றால் காற்று நஷ்டம் மட்டுமில்லை, கம்ப்ரஸர் கூடுதல் நேரம் ஓடிச் சூடாகும். த்ரெட்டுக்கு டெஃப்லான் டேப் நல்லது. முனையில் ஒரு சுற்று விட்டுச் சுற்றுங்கள், இல்லாவிட்டால் கிழிந்த துணுக்கு கன்னின் ஏர் கேப்பில் போய் உட்காரும். சிலிகான் சீலன்ட் பெயின்டிங் பட்டறை வாசலுக்குள்ளேயே வரக் கூடாது.

ரெகுலேட்டரை எங்கே குறைக்கிறீர்கள்?

பலர் கவனிக்காத விஷயம் இது. சுவரில் இருக்கும் ரெகுலேட்டரை முழுக்கத் திறந்துவிட்டு, கன்னின் வாலில் மாட்டிய குட்டி ரெகுலேட்டரில் அழுத்தத்தைக் குறைப்பார்கள். அப்படிச் செய்தால் ஹோஸ் முழுக்க 8 பார். டேங்கிலிருந்து 45 டிகிரியில் வந்த காற்றில் கன மீட்டருக்கு 65 கிராம் ஆவி இருக்கும். 28 டிகிரி ஹோஸ் தாங்குவது 27 கிராம். மிச்சம் 38 கிராம் ஹோஸிலேயே தண்ணீர்.

அதே காற்றைச் சுவரிலேயே 2 பாருக்குக் குறைத்தால், காற்று மூன்று மடங்கு விரிந்து கன மீட்டருக்கு 22 கிராம் ஆகிவிடும். 28 டிகிரி ஹோஸில் அது துளியாகாது. காசு செலவில்லாமல் கிடைக்கும் உலர்த்தல் இது. பெரிய குறைப்பைச் சுவரில் செய்யுங்கள். ஹோஸில் விழும் அழுத்தத்துக்காக அரை பார் கூட்டி வைத்து, கன்னில் மீட்டரைப் பார்த்து நுணுக்கமாகச் சரிசெய்தால் போதும். இதே காரணத்துக்காக டேங்க் அழுத்தத்தைக் குறைத்து ஓட்டுவதும் தப்பு. கன்னுக்கு 2 பார் போதுமே என்று டேங்கை 3 பாரில் வைத்து ஓட்டினால் ஆவி டேங்கில் இறங்காமல் அப்படியே வரும். பிரஷர் ஸ்விட்ச் 6 பாரில் ஆன், 8 பாரில் ஆஃப் என்று இருக்கட்டும். டேங்க் தகட்டில் எழுதிய அளவைத் தாண்ட வேண்டாம்.

செப்பரேட்டர் எப்போதும் ரெகுலேட்டருக்கு முன்னால். அழுத்தம் கூடிய இடத்தில்தான் தண்ணீர் துளியாக இருக்கும், பிடிக்கவும் முடியும்.

எஃப்ஆர்எல் என்று கடையில் கொடுக்கும் யூனிட்டின் கடைசியில் எண்ணெய் ஊற்றும் கோப்பை இருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள். அது காற்றில் எண்ணெய் கலக்கும் லூப்ரிகேட்டர். ஏர் சாண்டருக்கும் இம்பாக்ட் ரென்சுக்கும் உரியது, பெயின்டுக்கு விஷம். அந்த லைனில் ஒருமுறை எண்ணெய்க் காற்று போய்விட்டால் அந்த ஹோஸைப் பெயின்டுக்குத் திரும்ப எடுக்க முடியாது. சாண்டருக்குத் தனி ஹோஸ், வேறு நிறத்தில்.

சாதாரண யூனிட்டின் ஃபில்டர் 40 மைக்ரான் அளவில் இருக்கும். துருவுக்கும் பெரிய துளிக்கும் அது சரி. கிளியர் அடிப்பவர்கள் அதற்குப் பின்னால் 5 மைக்ரான் ஒன்றும், எண்ணெய்ப் புகையைப் பிடிக்க 0.01 மைக்ரான் கோலசிங் ஃபில்டர் ஒன்றும் வரிசையாக வைத்தால் நல்லது. நேரடியாக 0.01 வைத்தால் சில வாரத்தில் அடைத்துக்கொள்ளும். கண்ணாடிபோலத் தெரியும் கோப்பை பாலிகார்பனேட். தின்னரால் துடைத்தால் மயிரிழையாகக் கீறல் விழுந்து ஒரு நாள் அழுத்தத்தில் வெடிக்கும். சோப்புத் தண்ணீர் மட்டும். உலோகக் கவசம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

கம்ப்ரஸர், டேங்க்

சூட்டைக் குறைத்தால் பாதித் தொல்லை அங்கேயே முடியும். பெல்ட் கம்ப்ரஸரின் ஃப்ளைவீல் ஆரங்கள் விசிறி இறக்கையாகச் சாய்த்து வார்க்கப்பட்டவை. சரியான திசையில் சுற்றினால்தான் சிலிண்டரின் மேல் காற்று வீசும். த்ரீ ஃபேஸ் லைனில் யாராவது கைவைத்து இரண்டு ஃபேஸ் மாறிவிட்டால் மோட்டார் எதிர்த் திசையில் சுற்றும். அப்போதும் காற்று ஏறும், அதனால் யாருக்கும் தெரியாது. ஹெட் மட்டும் கொதிக்கும். பெல்ட்டை மூடியிருக்கும் கார்டின் மேல் இருக்கும் அம்புக்குறியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஃப்ளைவீலுக்கும் சுவருக்கும் ஒன்றரை அடியாவது இடைவெளி விடுங்கள்.

கம்ப்ரஸர் தேறுகிறதா என்று பார்க்க ஒரு எளிய சோதனை: அவுட்லெட்டை மூடிவிட்டு, 5 பாரிலிருந்து 7 பாருக்கு ஏற எத்தனை விநாடி என்று பாருங்கள். 160 லிட்டர் டேங்கில் 2 பார் ஏறினால் 320 லிட்டர் காற்று. ஒரு நிமிடம் ஆனால் சுமார் 11 சிஎஃப்எம். ஒன்றரை நிமிடம் ஆனால் ஏழரை; வால்வு பிளேட்டோ ரிங்கோ போயிருக்கிறது. வால்வு கசிந்தால் அமுக்கிய சூடான காற்றையே திரும்ப இழுத்துத் திரும்ப அமுக்கும். சூடு ஏறிக்கொண்டே போகும். உங்கள் கன்னுக்கு 10 சிஎஃப்எம்முக்கு மேல் தேவை என்றால் 3 எச்பி நிற்காமல் ஓடும், டேங்க் ஒருநாளும் குளிராது. அப்படியானால் குறைந்த காற்றில் வேலை செய்யும் கன் வாங்குவது புதுக் கம்ப்ரஸரைவிட மலிவு.

டேங்க் அடி வால்வைக் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஒருமுறை, மதியம் ஒருமுறை, மழைக்காலத்தில் மாலையிலும் ஒருமுறை திறங்கள். 1 அல்லது 2 பார் அழுத்தம் இருக்கும்போது மெதுவாகத் திறந்து, தண்ணீர் நின்று வெறும் காற்று வரும்வரை விட வேண்டும். அடியில் வெறும் பிளக் மட்டும் இருந்தால், அழுத்தம் முழுக்க இறங்கிய பிறகு அதைக் கழற்றி, அரை இஞ்சு எல்போவும் பைப்பும் போட்டு, கைக்கு எட்டும் இடத்தில் பால் வால்வு வையுங்கள். டேங்குக்கு அடியில் ஊர்ந்துபோய்த் திறக்க வேண்டியிருந்தால் யாரும் தினமும் திறக்க மாட்டார்கள், அவ்வளவுதான். டேங்க் வால்வு இருக்கும் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருக்கட்டும். பத்து லிட்டர் தண்ணீர் தேங்கிய டேங்க் பத்து லிட்டர் சிறிய டேங்க். அதோடு உள்ளிருந்து துருப்பிடிக்கிற டேங்கும்கூட. பழைய டேங்க் என்றால் தண்ணீர் அழுத்தச் சோதனை செய்து வாங்குங்கள். அடித் தகடு மெலிந்து, பெயின்ட் உப்பிய இடத்தில் கசிவு தெரிந்தால் வெல்டிங் வைத்து ஓட்டாதீர்கள், மாற்றிவிடுங்கள்.

ஹோஸ்

ஈரத் தரையில் கிடக்கும் ஹோஸ் குளிர்ந்து, உள்ளே தண்ணீர் உண்டாக்கும். தூசி எழாமல் இருக்க பூத் (பெயின்ட் அடிக்கும் அறை) தரையில் தண்ணீர் தெளிக்கிறவர்கள் ஹோஸை ஆணியில் தொங்கவிட வேண்டும். மழைக்காலத்தில் தெளிப்பதையே விட்டுவிடலாம். ஹோஸ் 10 மீட்டருக்கு மேல் வேண்டாம். வேலை முடிந்ததும் கழற்றி, இரண்டு முனையும் கீழே தொங்கும்படி மாட்டி வைத்தால் உள்ளே நின்றது வடிந்துவிடும். காலையில் கன்னை மாட்டுவதற்கு முன் அரை நிமிடம் வெறுமனே ஊதிவிடுங்கள்.

அவசரத்துக்கு ஐஸ் பெட்டி

டிரையர் இல்லாமல், ஒரு முழுக் கார் கிளியர் அடிக்க வேண்டிய மழை நாளுக்கு நம் மாவட்டத்தில் எளிதாகக் கிடைக்கும் மருந்து ஐஸ். மீன்பிடித் துறைகளை ஒட்டி ஐஸ் கம்பெனிகள் இருக்கின்றன; மீன் வைக்கும் தெர்மோகோல் பெட்டியும் அங்கேயே கிடைக்கும். ஏசி வேலைக்கு விற்கும் அரை இஞ்சு செம்புக் குழாய் 10 மீட்டர் வாங்கி, உள்ளே தின்னர் விட்டு அலசி, ஊதிக் காயவைத்துச் சுருளாகச் சுற்றுங்கள். காற்று மேலே நுழைந்து கீழே வெளியேற வேண்டும். நடுவில் எங்கேயும் ஏறக் கூடாது. பெட்டியில் குழாய் போகும் ஓட்டையை எம்சீல் வைத்து அடையுங்கள். நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் சேர்த்து நிரப்பி, வெளிவரும் இடத்திலேயே செப்பரேட்டரை மாட்டுங்கள். நாலடி தள்ளி மாட்டினால் காற்று சூடாகி, துளி மறுபடி ஆவியாகிக் கடந்துவிடும்.

10 சிஎஃப்எம் காற்றைக் குளிர்விக்க மணிக்கு இரண்டு, மூன்று கிலோ ஐஸ்தான் கரையும். பெட்டி வழியாக உருகுவதையும் சேர்த்து நாலு மணி நேர வேலைக்கு 15 கிலோ தாராளம். காற்று 10 டிகிரிக்கு இறங்கினாலே ஆவி இழுத்த ஒரு கன மீட்டருக்கு ஒரு கிராம் அளவுக்கு வந்துவிடும். ஐஸில் உப்பு மட்டும் போடாதீர்கள். பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்க் குழாய்க்குள் தண்ணீர் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

சிலிகா ஜெல், டிரையர்

சிலிகா ஜெல் நிரப்பிய டப்பா கடைசிக் காவலுக்கு நல்லது, முதல் காவலுக்கு ஆகாது. ஒரு கிலோ ஜெல் பிடிப்பது 200 கிராம் அளவு தண்ணீர். 35 டிகிரிக்குக் குளிர்ந்து, செப்பரேட்டர் தாண்டி வரும் 10 சிஎஃப்எம் காற்றில் மணிக்கு 75 கிராம் ஆவி இருக்கும். இரண்டரை மணி நேரத்தில் ஜெல் தீர்ந்துவிடும். சூடான டேங்கிலேயே மாட்டினால் ஒன்றேகால் மணி நேரம் தாங்கினால் பெரிது. துளித் தண்ணீர் பட்டால் மணிகள் வெடித்துப் பொடியாகும். அந்தப் பொடி உங்கள் கிளியரில் மணலாக வரும். எனவே ஜெல்லுக்கு முன்னே செப்பரேட்டர், பின்னே 5 மைக்ரான் ஃபில்டர். நிறம் மாறியதும் 110, 120 டிகிரி ஓவனில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் மீளும். அதற்கு மேல் சூடு ஏறினால் நிறம் காட்டும் தன்மை போய்விடும். நீல ஜெல்லில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, நச்சு. ஆரஞ்சு வாங்குங்கள், சமையல் பாத்திரத்தில் வறுக்காதீர்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் கண்ணாடிச் சோதனையில் புள்ளி விழுந்தாலோ, பகல் முழுதும் இரண்டு கன் ஓடும் அளவுக்கு வேலை கூடினாலோ ரெஃப்ரிஜரேட்டட் டிரையர் வாங்கலாம். அது காற்றை 3 டிகிரி அளவுக்குக் குளிர்வித்துத் தண்ணீரை இறக்கும். 10 சிஎஃப்எம்மில் மணிக்கு 11 மில்லி மட்டுமே ஆவியாக மிஞ்சும், அதுவும் நம் வெப்பத்தில் எங்கேயும் துளியாகாது. உங்கள் கம்ப்ரஸரின் அளவுக்குச் சரியாக எடுக்காமல் ஒரு சைஸ் கூட்டி, 20 சிஎஃப்எம் எடுங்கள். தகட்டில் போட்டிருக்கும் அளவு குறிப்பிட்ட உள்வெப்பத்துக்குத்தான், சூடான காற்று கொடுத்தால் திறன் விழும். குளிர்விக்கும் பைப்புக்கும் செப்பரேட்டருக்கும் பிறகே டிரையர் வர வேண்டும். அந்த 30 அடி எப்படியும் வீணாகாது. காற்றைத் திறப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால் ஸ்விட்ச் போடுங்கள். கடலோரம் என்றால் கண்டென்சர் ஃபின்களை மாதம் ஒருமுறை காற்றால் ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். உப்புக் காற்றில் அலுமினிய ஃபின் பொடிந்துவிடும்.

டிரையர் இருந்தாலும் அடிக்கக் கூடாத நேரம் உண்டு. 28 டிகிரி, 90 சதவீத ஈரப்பதம் என்றால் பனிநிலை (ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) 26 டிகிரிக்குச் சற்று மேலே. இரவில் குளிர்ந்த தகடு அதைவிட 3 டிகிரியாவது சூடாக இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத ஈரப் படலம் அதன்மேல் இருக்கும். குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் மழை விட்ட காலைகளில் இது சாதாரணம். ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை, அநேகமாகப் பதினொரு மணிவரை, மாஸ்கிங் வேலையைப் பாருங்கள். இருநூறு, முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பத மீட்டர் ஒன்றை பூத் சுவரில் மாட்டி வைத்தால் ஊகிக்க வேண்டியதில்லை.

ஒன்று மறந்துவிட்டேன்: டேங்கிலிருந்தும் வால்வுகளிலிருந்தும் வடியும் தண்ணீரில் கம்ப்ரஸர் எண்ணெய் கலந்திருக்கும், பால் நிறத்தில் வருவதே அதனால்தான். கிணறும் குளமும் பக்கத்திலேயே இருக்கும் ஊர் நம்முடையது. ஒரு கேனில் சேர்த்து இரண்டு நாள் வைத்தால் பெரும்பாலான எண்ணெய் மேலே மிதக்கும். அதை வழித்து, கழிவு ஆயில் எடுக்க வருபவரிடம் கொடுத்துவிடுங்கள்.